வந்து சேராத சமிக்ஞை

மாணவர் முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியரின் குறிப்புக்கென்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு மேல் அதில் இடமில்லை. இருபது வருடங்களாக அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு எழுத உட்காரும்போது ஏழெட்டு வசனங்களையே மாற்றி மாற்றிப் போடுவது எங்கள் தொழிலின் இரகசியம். "திறமை உண்டு, முயற்சி போதாது" என்பது அவற்றுள் அடிக்கடி கைகொடுக்கும் வசனம். அதில் பாராட்டும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. எழுதியவர் அந்தப் பிள்ளையை நன்கு அவதானித்திருக்கிறார் என்ற தோற்றமும் கிடைத்துவிடும்.

2022ஆம் ஆண்டு ஆறாம் தரத்தில் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். வரவு இடாப்பில் அவனுடைய வரிசை ஓட்டை விழுந்த வலைபோல் இருக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாட்கள் வரமாட்டான். இடைக்கிடை ஒரு வாரம் முழுக்கவும் வரமாட்டான். கேட்டால் "காய்ச்சல் சேர்" என்பான். பாடசாலைக் குழாய்த் தண்ணீரை அவன் தொடுவதில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய போத்தலில் தண்ணீர் கொண்டு வருவான். ஒருநாள் வகுப்பில் நான், "எங்கட தண்ணி துரைக்கு ஆகாதோ?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தத் தவணை முடிவில் அவனுடைய அறிக்கையிலும் அதே வசனத்தை எழுதினேன்: "திறமை உண்டு, முயற்சி போதாது."

அடுத்த வாரம் அவனுடைய வாப்பா வந்தார். மீன் வியாபாரி. கடைப் பை ஒன்றிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தார். அதில் எழுதியிருந்ததை நான் வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். "சேர், இத ஊருல ஒருத்தருக்கும் நாங்க செல்லல்ல. நிர்ப்பீடனக் குறைபாடு எண்டு செல்லக்குள்ள, எயிட்ஸ் எண்டுதான் நினைப்பாங்க. புள்ளையோட ஒருத்தரும் குந்தமாட்டாங்க" என்றார். பிறகு, வைத்தியர் தனக்கு விளங்கப்படுத்தியதைத் தன்னுடைய பாஷையில் எனக்குச் சொன்னார். "மகன்ட ரெத்தத்துல வேலைக்காரன் இரிக்கானாம் சேர். ஆனா அவனுக்கு ஓடர் போய்ச் சேருதில்லயாம்."

ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றவன் நான். சுகாதார அலகில் நிர்ப்பீடனம் பற்றி வருடாவருடம் கற்பித்தவன். ஆனால் அந்த மனிதர் சொன்ன வசனத்தின் பொருள் எனக்கு அன்று முழுதாகப் புரியவில்லை. புரிந்துகொள்வதற்காக வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது மருத்துவத்தோடு மட்டும் முடிகிற விடயமல்ல என்று தோன்றியது. ஒருவரிடம் இல்லை என்று நாம் சொல்வது உண்மையில் அவரிடம் இல்லாததா, அல்லது அவரிடம் வந்து சேராததா? இந்தக் கேள்வியை இலக்கிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நோய்க்கிருமிக்கு எதிராகப் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை உடல் உண்டாக்குகிறது என்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைச் செய்வது நிணநீர்க்குழியங்களில் பீ கலம் எனப்படுவது. இந்தப் பெயரின் பின்னால் ஒரு வகுப்பறைக் கதை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர், கோழிக்குஞ்சுகளின் வாலடியில் இருக்கும் பப்ரிசியசின் பை என்னும் சிறு உறுப்பை அகற்றி, அது எதற்கு உதவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய சக மாணவர் ஒருவருக்கு, பிறபொருளெதிரி உண்டாவதை வகுப்பில் செய்து காட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கின் கோழிகளைக் கொண்டுபோனார். செய்முறை தோற்றுப்போனது, பை அகற்றப்பட்ட கோழிகளில் பிறபொருளெதிரி உண்டாகவில்லை. அந்தத் தோல்விதான் கண்டுபிடிப்பு. பெரிய விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்று கட்டுரையை ஏற்க மறுக்க, 1956இல் அது கோழி வளர்ப்புத் துறைக்கான சஞ்சிகையில் வெளியானது. பீ என்ற எழுத்து அந்தப் பையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. மனிதனில் அந்தப் பை இல்லை. பீ கலம் என்பு மச்சையில் உருவாகிறது.

1961இல் ஜாக் மில்லர், நெஞ்சின் மேற்பகுதியிலுள்ள தைமசுச் சுரப்பியின் பயனைக் கண்டறிந்தார். அங்கு முதிர்பவை ரீ கலங்கள். ரீ கலம் தானாகப் பிறபொருளெதிரி செய்வதில்லை. அப்படியானால் பிறபொருளெதிரி உற்பத்தியில் அதற்கு என்ன வேலை? 1966இல் ஹென்றி கிளமனின் குழுவினரும், 1968இல் மெல்பேர்ணில் மில்லரும் கிரஹம் மிச்செலும் செய்த பரிசோதனைகள் இதற்கு விடை தந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் போதிய அளவு பிறபொருளெதிரி கிடைக்கிறது. செய்கிறவர் ஒருவர், செய்யச் சொல்கிறவர் இன்னொருவர்.

அந்தச் "செய்யச் சொல்லுதல்" எப்படி நிகழ்கிறது என்பதுதான் நமது விடயம். பீ கலம் கிருமியின் ஒரு பகுதியைப் பற்றி உள்ளிழுத்து, அதன் துண்டொன்றைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதே கிருமியை இனங்கண்ட ரீ கலம் அருகே வருகிறது. ரீ கலத்தின் மேற்பரப்பில் சிடி40 லிகண்ட் என்ற புரதம் தோன்றுகிறது. பீ கலத்தின் மேற்பரப்பில் சிடி40 என்ற ஏற்பி காத்திருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. ஏறத்தாழ ஒரு கைலாகு. அதோடு இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 21 போன்ற இரசாயனத் தூதுகளையும் ரீ கலம் அனுப்புகிறது. இந்தச் சமிக்ஞைகள் கிடைத்ததும் பீ கலம் பெருகி, தன் பிறபொருளெதிரியைத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்குகிறது. வகையையும் மாற்றுகிறது.

வகை மாற்றம் என்பது முக்கியமானது. பீ கலம் ஆரம்பத்தில் செய்வது ஐஜிஎம் என்னும் பெரிய உருவமுடைய பிறபொருளெதிரி. அது பெரும்பாலும் குருதிக்குள்ளேயே நிற்கும். சமிக்ஞை கிடைத்த பின்பே அது ஐஜிஜி, ஐஜிஏ முதலிய வகைகளுக்கு மாறுகிறது. ஐஜிஜி இழையங்களுக்குள் செல்லும். சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலிருக்கும் பிள்ளையையும் சென்றடையும். ஐஜிஏ கண்ணீரிலும் உமிழ்நீரிலும் குடலிலும் தாய்ப்பாலிலும் இருக்கும். எந்தக் கிருமியை அடையாளங்காண்கிறதோ அது மாறுவதில்லை. எங்கே போய் எப்படி வேலை செய்யும் என்பதுதான் மாறுகிறது.

இனி, அந்த மாணவனின் கிளினிக் கொப்பியில் இருந்த நோய்க்கு வருவோம். ஐஜிஎம் மிகை நோய்க்குறித்தொகுதி என்று அதைச் சொல்லலாம். இந்தப் பிள்ளைகளின் குருதியில் ஐஜிஎம் வழக்கமான அளவிலோ மிகுதியாகவோ இருக்கும். ஐஜிஜியும் ஐஜிஏயும் மிகக் குறைவு. நெடுங்காலம் இது பீ கலத்தின் குறை என்றே நினைக்கப்பட்டது. நினைப்பது இயல்புதானே, பொருளைச் செய்யவேண்டியது அதுதான், பொருள் வரவில்லை. 1993இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் உண்மையைக் கண்டன. இந்த நோயின் பிரதான வகையில் பழுது ரீ கலத்தின் சிடி40 லிகண்டில் இருக்கிறது. கைலாகு கொடுக்கும் கைதான் இல்லை. நோயாளிகளின் பீ கலங்களை ஆய்வுகூடத்தில் எடுத்து, சிடி40 ஊடாகச் செயற்கையாகச் சமிக்ஞை கொடுத்து, தேவையான இன்டர்லூக்கினையும் சேர்த்தபோது, அந்தக் கலங்கள் வகை மாறிப் பிறபொருளெதிரி செய்தன!

இந்த இடத்தை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அத்தனை வருடங்களும் "இயலாதது" என்று எழுதப்பட்ட கலம், ஒருமுறை முறையாக அழைத்ததும் வேலை செய்கிறது. என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து போனவர்களை எண்ணிப் பார்த்தேன். எத்தனை பேரின் கட்டத்தில் நான் "ஆர்வமில்லை" என்று எழுதியிருப்பேன்! அவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருப்பேன்?

ஆனால் உவமைகள் கெட்டிக்காரத்தனமானவை. அரைவாசி உண்மையைக் காட்டி முழு உண்மை என்று நம்பவைத்துவிடும். எனவே என் கருத்துக்கு எதிரான விடயங்களையும் சொல்லவேண்டும்.

முதலாவது, எல்லாக் குறைபாடும் அழைப்பு வராததால் வருவதல்ல. அதே ஐஜிஎம் மிகை இன்னொரு வகையிலும் ஏற்படும் என்று 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அந்த நோயாளிகளில் ரீ கலம் அழைக்கிறது, பீ கலமும் கேட்கிறது. ஆனால் வகையை மாற்றுவதற்கு வேண்டிய நொதியம் பீ கலத்துக்குள் இல்லை. எவ்வளவு அழைத்தாலும் பயனில்லை. குருதிப் பரிசோதனைத் தாளில் இரு நோயாளிகளும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். வேறொரு நோயில் பிடிகே என்னும் நொதியம் பழுதாகியிருக்கும். அது பீ கலம் தன் இளம் பருவத்தில் பெறும் சமிக்ஞையை உள்ளே கடத்துவது. அது இல்லாததால் பீ கலங்கள் முதிர்வதேயில்லை. குருதியில் ஏறத்தாழ இல்லாமலே போகின்றன. பெரியவர்களில் கூடுதலாகக் காணப்படும் பொதுமாறு நிர்ப்பீடனக் குறைபாட்டில் பீ கலங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. போதிய பிறபொருளெதிரி இல்லை. அந்நோயாளிகளில் சிலரிடம் மட்டும் சமிக்ஞை ஏற்பிகளில் பழுது காணப்பட்டிருக்கிறது. பலரில் தனியொரு காரணத்தைச் சுட்ட முடியவில்லை. இவ்வாறான பழுதுகளில் சில, நோயே இல்லாத உறவினர்களிலும் காணப்படுகின்றன.

எனவே "யாரும் அழைக்கவில்லை, அதனால்தான்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதும் சோம்பேறித்தனமே. "முயற்சி போதாது" என்பது எப்படியோ, அதுவும் அப்படித்தான். விளைவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றென்று கொள்ளக்கூடாது. சிலருக்கு அழைப்பு வேண்டும், சிலருக்குக் கருவி வேண்டும். இன்னும் சிலருக்கு என்ன வேண்டும் என்று தெரியும்வரை தீர்ப்பெழுதாமல் பக்கத்தில் இருக்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, அந்தச் சமிக்ஞை ஊக்கம் மட்டுமல்ல. பீ கலம் தனியே முடிவெடுத்துத் தாக்கத் தொடங்கினால் சொந்த உடலையே தாக்கிவிடக்கூடும். ரீ கலத்தின் சம்மதம் வேண்டும் என்ற ஏற்பாட்டில் ஒரு காவலும் அடங்கியிருக்கிறது. சிடி40 லிகண்ட் இல்லாத பிள்ளைகளில் சிலருக்கு, கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி குறைந்திருக்கும் அதே வேளையில், தம் சொந்தக் குருதிக் கலங்களைத் தாக்கும் நிலையும் ஏற்படுவது இதை ஓரளவு விளங்கவைக்கிறது. தொடர்பு அறுந்தால் செய்யவேண்டியது நடக்காமல் போகும், செய்யக்கூடாததும் நடக்கும். இதை எழுதும்போது எனக்கு நம் நாட்டின் நினைவு வராமலில்லை. ஆயினும் உடலைக் காட்டிச் சமூகத்துக்குப் பாடம் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. 'உடல்', 'பிறபொருள்' என்ற சொற்களால் மனிதரைப் பிரித்தவர்கள் உலகில் நிறையப் பேர். நம்மையும் சிலர் அப்படிச் சொன்னதுண்டு. கலங்களுக்கு மனச்சாட்சி கிடையாது. அவை நமக்கு ஒரு கேள்வியைத் தரலாம். அதற்கான விடையை நாம்தான் தேடவேண்டும்.

கேள்வி இதுதான்: குறை என்பது ஒரு ஆளுக்குள் இருக்கும் பொருளா, ஆட்களுக்கிடையே இருக்கும் நிலையா? இடையே இருப்பது என்றால், பொறுப்பும் இடையே இருப்பவர்களுக்குத்தானே வரவேண்டும். ஆனால் ஊர் வழக்கம் வேறு. பொறுப்பை ஒருவரின் தலையில் இறக்கிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அந்தத் தலை பெரும்பாலும் தாயின் தலை.

அந்தப் பிள்ளையின் உம்மா மீது இறக்கப்பட்டதும் அதுவே. "அவட பால் சரியில்ல, அதான் புள்ளைக்கு எந்த நாளும் வருத்தம்" என்று சொந்தக்காரப் பெண்களே சொன்னார்களாம். உண்மை என்ன? சிடி40 லிகண்டுக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுசெய்துவிடும். ஆணிடம் ஒன்றுதான். எனவே தாய் அறியாமலே சுமந்து வந்தது மகனில் நோயாகிறது. சில குடும்பங்களில் தாயிடமும் இல்லாமல் அந்தப் பிள்ளையிலேயே மாற்றம் புதிதாகத் தோன்றிவிடுவதும் உண்டு. எப்படியாயினும், இதில் எவருடைய செயலும் இல்லை. செயல் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இவ்வாறான பிள்ளைகள் பிறந்தவுடன் நோயாளியாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதமளவில்தான் தொல்லை தொடங்குகிறது. காரணம், கருவிலிருக்கும்போதே சூல்வித்தகம் வழியாகத் தாயின் ஐஜிஜி பிள்ளைக்குப் போயிருக்கிறது. அது தீரும்வரை பிள்ளையைக் காக்கிறது. ஊர் யாரைக் குற்றம் சொன்னதோ, அந்தப் பெண்ணின் பிறபொருளெதிரிகள்தான் அந்த மாதங்களில் அவனைக் காத்தன. இதை நான் அவனுடைய வாப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது, "சேர், இத ஒரு தாளில எழுதித் தாங்க, மதினிமாருக்கிட்ட காட்டோணுமாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றுள் உடனடியாகப் பயன்பட்ட எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

எயிட்ஸ் என்ற பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. வைரசு தாக்குவது, பீ கலத்துக்கு அழைப்பு விடுக்கும் உதவி ரீ கலங்களைத்தான். அந்த வகையில் இரு நோய்களுக்கும் ஓர் உறவுண்டு. ஆனால் ஒன்று தொற்றுவது, மற்றது பிறவியில் வருவது. இந்தப் பையனிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. இவ்விளக்கத்தை ஊருக்குச் சொல்லத் தொடங்கியபோது எனக்குள் ஒரு கூச்சம் வந்தது. "இது எயிட்ஸ் அல்ல, ஆகவே ஒதுக்காதீர்கள்" என்று சொன்னால், எயிட்ஸ் என்றால் ஒதுக்கலாம் என்றல்லவா ஆகிறது? பக்கத்தில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ அதுவும் தொற்றுவதில்லை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கும் நியாயம் நியாயமாகாது.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். 1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியரான ஒக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நியூமோனியாவும் குருதியில் கிருமித் தொற்றும் வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியைப் பரிசோதித்தார். பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபியூலின் பகுதி அதில் காணப்படவில்லை. பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த அதே பகுதியை அவனுக்கு மாதாமாதம் ஊசியாக ஏற்றினார். தொற்றுகள் நின்றன. இன்றுவரை அடிப்படை அதுவே. சிடி40 லிகண்ட் குறைபாட்டுக்கு, பொருத்தமானவர் கிடைத்தால், என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நிரந்தரத் தீர்வு தரக்கூடும். கிடைக்காதவர்களுக்கு இம்யூனோகுளோபியூலின். ஏற்றிய ஐஜிஜியில் பாதி ஏறத்தாழ மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. என் இடாப்பில் விழுந்த ஓட்டைகளின் கணக்கு அதுதான்.

அந்தத் தண்ணீர்ப் போத்தலின் கணக்கும் பிறகு விளங்கியது. சிடி40 லிகண்ட் இல்லாதபோது பீ கலம் மட்டுமல்ல, வேறு சில காவற் கலங்களும் சமிக்ஞையை இழக்கின்றன. தண்ணீரின் வழி வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி அவர்களின் குடலையும் ஈரலையும் நாசமாக்கும். கொதித்தாறிய நீர் அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. நான் அதை வைத்துத்தான் வகுப்பைச் சிரிக்கவைத்தேன்.

ஒரு தொகுதி இம்யூனோகுளோபியூலின் குறைந்தது ஆயிரம் பேரின் குருதித் திரவவிழையத்திலிருந்து தயாரிக்கப்படவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நியமம். ஆயிரம் பேர் தாங்கள் கண்ட கிருமிகளின் நினைவை ஒரு குப்பியில் சேர்க்கிறார்கள். யாருக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது; யாரிடமிருந்து வந்தது என்று இவனுக்கும் தெரியாது. கொடுத்தவரின் மொழி, மதம், நாடு எதுவும் அதில் ஒட்டியிருப்பதில்லை. உலகில் சேகரிக்கப்படும் திரவவிழையத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கு கொடுப்பவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. அவர்களில் பலர் தேவைக்காகக் கொடுப்பவர்கள். எனவே இதை வெறும் தியாகக் கதையாக்குவதும் சரியல்ல. வறுமையும் வியாபாரமும் மனிதாபிமானமும் அந்தக் குப்பியில் கலந்தே இருக்கின்றன.

பிறரின் பிறபொருளெதிரியில் வாழ்வது ஒருவரின் சுயமரியாதைக்குக் குறைவா? தன் காலில் நிற்பதே பெருமை என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் நாம் யாரும் தொடங்கியது தன் காலில் அல்ல. பிறந்து ஆறு மாதம் நாம் எல்லோரும் தாயின் ஐஜிஜியில் வாழ்ந்தவர்கள்தான். அந்தக் கடன் நமக்கு மறந்துபோயிற்று. அவனுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தப்படுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

இப்படித் தங்கி வாழும் வாழ்க்கை எத்தனை பேரின் நேர்மையில் தொங்குகிறது என்பதை 2023இல் நாம் கண்டோம். நம் நாட்டு அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியூலின் குப்பிகள் தரமற்றவை என்ற விவகாரம் வெளிவந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. யார் குற்றவாளி என்பதைச் சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது. நான் நினைத்துப் பார்த்தது வேறு. அந்தச் செய்தியைக் கேட்ட இரவு, கையில் ஊசி ஏறிய ஒவ்வொரு பிள்ளையின் தாயும் எப்படித் தூங்கியிருப்பாள்? மருந்து போலியாகும்போது அதைக் குடிப்பவருக்கு ருசி தெரியாது, ஏற்றுபவருக்கு நிறம் தெரியாது. நம்பிக்கை ஒன்றே ஆதாரம். அந்த நம்பிக்கையும் ஒரு சமிக்ஞைதான். அது பொய்யானால், வேலை செய்யக்கூடிய எல்லாக் கைகளும் தயங்கி நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலையும் தொட்டாகவேண்டும். புரூட்டன் கண்ட நோயின் காரணம் 1993இல் தெரியவந்தது. மேலே சொன்ன பிடிகே என்னும் நொதியத்தின் பெயரில் அவருடைய பெயரும் சேர்ந்தது. பீ கலம் வளர இந்த நொதியம் அவசியம் என்றால், புற்றுநோயாகிக் கட்டுமீறி வளரும் பீ கலத்தில் இதைத் தடுத்தால் என்ன? இக்கேள்வியிலிருந்து வந்த இப்ருடினிப் என்ற மருந்துக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில பிள்ளைகளில் இல்லாதிருந்த சமிக்ஞையைப் பற்றிய அறிவு, வேறு பலரின் ஆயுளை நீட்டியது. இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, அவர்களின் துன்பத்துக்கும் ஒரு பயன் இருந்தது" என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பயன் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தப் பயனுக்காக நோயாளியாகவில்லை. ஒருவரின் துன்பம் மற்றவருக்குப் பாடமாகலாம். பாடத்துக்காகத்தான் அந்தத் துன்பம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரு பையனின் நோயிலிருந்து நான் நல்ல கேள்வியொன்றைப் பெற்றுக்கொண்டேன். அவனுக்கு நான் என்ன கொடுத்தேன்?

அதை யோசித்துத்தான் ஒருநாள் இடைவேளையில் அவனைத் தனியே கூப்பிட்டேன். அவனும் வீட்டாரும் சம்மதித்த பிறகு வகுப்புக்கு விடயத்தைச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் ஒருநாள் மட்டும் வியப்பாகப் பார்த்துவிட்டு, மறுநாள் வழமைபோல் அவனோடு சண்டை பிடித்தார்கள். தண்ணீரைப் பற்றி நான் சொன்னதற்கும், அறிக்கையில் எழுதியதற்கும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஆசிரியர் மாணவனிடம் அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எனக்கு வார்த்தை தடுமாறியது. பெரிதாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன் போலும்.

அவன் சற்று நேரம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அது பரவாயில்ல சேர்" என்றான். "கிளினிக் நாளில டெஸ்ட் வெக்காம இரிங்க. அது போதும்."

இரண்டு வருடம் அவனுக்கு நான் வகுப்பாசிரியராக இருந்தேன். எத்தனையோ சோதனைகளை அவன் இல்லாத நாட்களில் வைத்து, எத்தனையோ பூச்சியங்களை அவனுடைய பெயருக்கு நேரே இட்டிருக்கிறேன். ஒருமுறையாவது "உனக்கு எந்த நாள் வசதி?" என்று கேட்டதில்லை. இப்போது என் மேசையில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு திகதியில் பென்சிலால் சிறு வட்டம் போட்டு வைக்கிறேன். அவன் மேல்வகுப்புக்குப் போய்விட்டான். அந்த வகுப்பாசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.